பெட்டிக்குள் ஒரு 'ம்ம்ம்...'!

மெல்லிசைக் கச்சேரிக்குப் போனால் நீங்கள் யாரைப் பார்ப்பீர்கள்? முதலில் பாடகியை. அப்புறம் பாடகியின் புடவையை. (இது பெண்கள் பகுதியில்.) பிறகு பாடகர், டிரம்ஸ்காரர், ஒரே சமயத்தில் இரண்டு கீபோர்டில் கை வைத்திருக்கும் இளைஞர்... எல்லோரையும் பார்த்து முடித்த பின், மேடையின் ஓரத்தில், ஸ்பீக்கருக்கும் ஒயர் சுருளுக்கும் நடுவே ஒருவர் நிற்பார். கழுத்தில் நாலே தந்தியுள்ள கிடார். முகத்தில் ரேஷன் க்யூவில் பத்தாவது ஆளாக நிற்பவரின் பொறுமை. அவர்தான் பேஸ் கிடாரிஸ்ட்.

'அவர் வாசித்து நான் கேட்டதே இல்லையே' என்பீர்கள். கேட்டிருக்கிறீர்கள் ஸ்வாமி! இளையராஜாவின் பழைய பாட்டு ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மெட்டு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, அடியில் இன்னொரு மெட்டு தன் பாட்டுக்கு 'தும் துதும்' என்று நடைபோட்டுக்கொண்டே வருமே, அது இந்த ஆசாமியின் வேலை. இருக்கும்போது யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் பாட்டு செருப்பில்லாமல் வெயிலில் நடப்பது போல இருக்கும்.

என் மனைவியின் தம்பி இந்த ஜாதி. வயது 28. முழுநேரத் தொழிலே இதுதான். மாதம் எட்டுக் கச்சேரி என்றால் சாப்பாடு. பன்னிரண்டு என்றால் சாப்பாட்டுடன் ஸ்வீட். ஆடி மாதம் கல்யாண மண்டபங்களுக்கு லீவு என்றாலும் அம்மன் கோயில்களில் கூழ், தீமிதி, கச்சேரி என்று சீசன் களை கட்டும். வருஷத்தின் மற்ற மாதங்களில் பிடித்த பள்ளத்தை அவன் அடைப்பது அந்த மாதத்தில்தான்.

சரியாக ஆடி பிறந்த மூன்றாம் நாள் அவனுடைய ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டது.

முற்றிலும் படுத்திருந்தால்கூடத் தேவலை. போட்டவுடன் நன்றாகப் பாடும். இருபது நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து 'ம்ம்ம்...' என்று ஒரு முனகல் கிளம்பும். அதன் மேல் கிடாரை அழுத்தி வாசித்தால் தொண்டை கட்டிய நாகஸ்வரம் மாதிரி 'கொர்ர்ர்'. பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் சமாதானமாகிவிடும். மறுபடி பத்து நிமிஷத்தில் 'ம்ம்ம்...'

"அம்மன் சந்நிதியிலே ஆவேசம் வர்றது சகஜம்தானே?" என்றேன்.

"மாமா, விளையாடாதீங்க. ட்ரூப் ஓனர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பெட்டி சரியாகலைன்னா கீபோர்டுக்காரனே இடது கையால பேஸ் வாசிச்சுக்குவானாம். 'ஒரு ஆள் சம்பளமும் மிச்சம், ஒரு பெட்டி தூக்கற கூலியும் மிச்சம்'கறாரு."

நான் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன். இது ஆம்ப்ளிஃபயர் விவகாரம் அல்ல, அரிசி விவகாரம். இந்த இடது கை ஒருமுறை பழகிவிட்டால் அப்புறம் வலது கையால் கும்பிட்டாலும் பழைய இடம் கிடைக்காது.

பெட்டியைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஏற்கெனவே போய் வந்திருந்தான். அங்கிருந்த இளைஞர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காமலே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "போர்டு போச்சு சார். போர்டையே மாத்தணும். 18,500 ரூபா. சரக்கு வெளியூர்லேர்ந்து வர மூணு வாரம்." பெட்டியை வாங்கின விலையே 32,000! அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை ஆட்டோவில் பெட்டி ஒரு சீட்டு, நாங்கள் இருவரும் மிச்சமிருந்த அரை சீட்டு என்று ஏறிக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போனோம். அங்கே ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, எட்டடிக்கு ஆறடியில் ஒரு பாய் இருக்கிறார் என்று சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ரிச்சி தெருவில் உதிரி சாமான் விற்கிற பலருக்கும் அவரைத் தெரியும். "பாய் கிட்டே போனா கொஞ்சம் திட்டுவாரு. தாங்கிக்கங்க" என்பது கூடவே வந்த எச்சரிக்கை.

பாய்க்கு அறுபது தாண்டியிருக்கும். வெள்ளைத் தாடி, கயிறு கட்டிய கண்ணாடி, மேஜை மேல் ஏலக்காய் டீ.

"என்ன செய்யுது?"

"ஓடலை பாய்."

"டாக்டர்கிட்டே போய் 'உடம்பு ஓடலை'ன்னுதான் சொல்வியா? எங்கே வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு சொல்ல மாட்டியா?"

திட்டு ஆரம்பமாகிவிட்டது. மைத்துனன் கதையைச் சொன்னான். பாய் இடையிடையே கேள்வி போட்டார். போட்ட உடனே வருதா, சூடு ஏறினப்புறம் வருதா? வால்யூமைக் குறைச்சா முனகலும் குறையுதா? கிடார் ஒயரைப் பிடுங்கிட்டா? ஜெனரேட்டர்ல மட்டுமா, வீட்டுக் கரண்ட்லேயுமா? தலையில் தட்டுகிற விஷயம் வந்ததும் பாயின் முகம் மலர்ந்தது.

"தட்டினா சரியாகுதா? அப்ப பாதி ரிப்பேர் நீயே பண்ணிட்டே. எரிஞ்சுபோன சாமான் தட்டினா பிழைக்காதுப்பா. எங்கேயோ ஒண்ணு ஒட்டியும் ஒட்டாம நிக்குது. அதான், தட்டினா ஒட்டுது, சூடானா விடுது."

இன்னும் ஒரு திருகுகூடக் கழற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி விடுதலை செய்ய ஆரம்பித்தார். முதலில் கிடார் ஒயர். தன்னிடமிருந்த வேறு ஒயரைப் போட்டார். வித்தியாசமில்லை. ஒயர் நிரபராதி. பிறகு கிடார். சில பேஸ் கிடார்களுக்கு வயிற்றில் ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. ஒயரைச் செருகி வைத்திருக்கும் வரை அது செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்துவிட்டு ஒயரைப் பிடுங்காமல் தூங்கப் போகிறவர்கள், காலையில் பேட்டரி செத்துக் கிடக்க, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வருவார்களாம். "மாசத்துக்கு ரெண்டு பேராச்சும் வருவாங்க. பேட்டரி மாத்திவிட்டு டீக்குக் காசு வாங்கிப்பேன்" என்றார் பாய். எங்கள் பேட்டரி திடமாக இருந்தது. கிடாரும் விடுதலை.

பெட்டியை ஓடவிட்டுக் காத்திருந்தோம். வியாதி வர இருபது நிமிஷம் ஆகுமே! அந்த இடைவெளியில் டீ வந்தது. கூடவே சரித்திரமும் வந்தது.

பேஸ் வாத்தியம் என்றால் முன்பெல்லாம் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலின். நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951ல் அதைக் கழுத்தில் மாட்டுகிற எலெக்ட்ரிக் கிடாராக மாற்றினார். அதற்கென்றே ஒரு ஆம்ப்ளிஃபயரையும் 1952ல் கொண்டுவந்தார். பெயர் பேஸ்மேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டியின் சத்தத்தில் சாதா கிடார்காரர்கள் சொக்கிப்போய் அதை அபகரித்துக்கொண்டார்கள். லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962ல் தன் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது முன்மாதிரியாக வைத்துக்கொண்டதும் இதே பேஸ்மேனைத்தான். பின்னாளில் ராக் மேடைகளில் மலை மலையாக அடுக்கப்பட்ட மார்ஷல் பெட்டிகளின் பாட்டி, ஒரு பேஸ்காரனின் பெட்டி! பேஸ்காரர்களின் இடத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது அன்றைக்கே ஆரம்பித்துவிட்ட பழக்கம் போலிருக்கிறது.

பேஸுக்கு மட்டும் ஏன் தனி ஆம்ப்ளிஃபயர் என்று கேட்டேன். பேஸ் கிடாரின் தடித்த தந்தியான இ, நொடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிரும். நம் காது இவ்வளவு கீழான ஒலியை லேசில் மதிப்பதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். நடுத்தர ஒலி அளவுக்குக் காதில் விழவேண்டும் என்றால் தாழ்ந்த ஒலியை அதைவிடப் பல மடங்கு சக்தியோடு தள்ள வேண்டும். அதனால்தான் பேஸ் பெட்டிக்குப் பெரிய ஸ்பீக்கர், நிறைய வாட்ஸ், தூக்குகிறவனுக்கு முதுகுவலி.

'ம்ம்ம்...'

வந்துவிட்டது! டீ கிளாஸை வைத்துவிட்டு பாய் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருகினார். முனகல் அப்படியே இருந்தது.

"குழாயை மூடியும் தண்ணி சொட்டுதுன்னா ஓட்டை எங்கே? குழாய்க்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி" என்றோம் இருவரும், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் மாதிரி.

பெட்டியின் முதுகில் 'செண்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு துளைகள். முதல் பாதியின் வாசல் ஒன்று, இரண்டாம் பாதியின் வாசல் மற்றொன்று. பாய் தன் செல்போனிலிருந்து ஒரு ஒயரை ரிட்டர்னில் செருகிப் பாட்டுப் போட்டார். பாட்டு வந்தது, கூடவே 'ம்ம்ம்'மும் வந்தது. அதாவது பெட்டியின் முதல் பாதி மொத்தமும் நிரபராதி. குற்றவாளி பின் பாதியில்தான் ஒளிந்திருக்கிறான். ஸ்பீக்கரைக் கழற்றி மீட்டர் வைத்தார். 8 ஓம் என்று முதுகில் எழுதியிருந்தது. மீட்டர் ஆறு சொச்சம் காட்டியது. ஆரோக்கியமான ஸ்பீக்கர் அப்படித்தான் கொஞ்சம் குறைத்துக் காட்டுமாம். அதுவும் விடுதலை.

அடுத்து பாய் செய்ததுதான் எனக்கு மறக்காது. ஸ்பீக்கரை மறுபடி மாட்டினார். மூலையிலிருந்த ஒரு குட்டி டெஸ்ட் ஸ்பீக்கரில் கிடாரைச் செருகச் சொல்லிவிட்டு என் மைத்துனனைப் பார்த்தார்.

"தம்பி, நீ வித்துவான்தானே? இந்த முனகல் எந்த சுரம்? கிடார்ல தொட்டுக் காட்டு."

அவன் விழித்தான். ஐந்தாறு வருஷமாக எவ்வளவோ பேர் அவனை 'சவுண்டைக் குறை' என்றிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்கு அவன் காது வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் பாய்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தந்தியாகத் தடவினான். கடைசித் தந்தியில் நின்றான்.

"ஜி, பாய். கட்டையே தொடாம, சும்மா திறந்த ஜி. முனகல் அதைவிட ஒரு நூல் தூக்கலா இருக்கு."

"இ தந்தியில மூணாவது கட்டை இல்லையே? நல்லாக் கேட்டுச் சொல்லு."

"இல்லை பாய். அது ஒரு ஸ்தாயி கீழே."

"அப்ப நூறு. கெப்பாசிட்டர் பக்கம் போவோம்" என்று திருகைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார் மனுஷன்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் விளக்கினார். நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் நொடிக்கு 50 தடவை மேலும் கீழுமாக ஆடுகிறது. இ தந்தியின் மூன்றாவது கட்டையில் விரலை வைத்தால் 49. ஏறக்குறைய அதே ஒலி. ஆக, முனகல் அங்கே பொருந்தினால் அது வீட்டுக் கரண்ட் நேராக உள்ளே கசிகிற வழக்கு: ஒயரின் மேலுறை விட்டிருக்கலாம், எர்த்தில் குளறுபடி இருக்கலாம், பக்கத்தில் ஏதாவது டிரான்ஸ்ஃபார்மர் இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரின் உள்ளே போனதும் ரெக்டிஃபயர் என்ற சாமான், கீழே போகிற அலைகளையும் தூக்கி மேல்பக்கமாகப் போட்டுவிடுகிறது. ஐம்பது மேடு நூறு மேடாகிறது. அந்த மேடு பள்ளத்தை நிரவிச் சமமாக்குவது கெப்பாசிட்டரின் வேலை. அது வேலைக்கு வராவிட்டால் நூறும் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்து சேரும். திறந்த ஜி தந்தி 98. 'ஒரு நூல் தூக்கல்' என்றானே, அந்த நூல்தான் பாக்கி இரண்டு! எல்லா முனகலும் இப்படிச் சுத்தமாக வராது, இரண்டும் கலந்தும் வருமாம். ஆனால் முதலில் கையை எங்கே வைப்பது என்று சொல்லிவிடும்.

இந்த இடத்தில், பி.காம். படித்த எனக்குள் ஒரு பழைய மணி அடித்தது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் இரவு பத்து மணி வரை ஆபீஸில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். முதலில் வித்தியாசத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 720 என்பதை 270 என்று எழுதினால் வித்தியாசம் 450, ஒன்பதைம்பது. இரண்டால் வகுபட்டால் அதில் பாதித் தொகையைத் தேடு. பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்கும். லெட்ஜர் முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. தப்பு தன் விலாசத்தைத் தானே சொல்லும். காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும். திருவல்லிக்கேணிச் சந்தில் பாய் நடத்திக்கொண்டிருந்ததும் அதே ஆடிட்தான். 'லெட்ஜரையே மாத்துங்க, 18,500' என்று சொன்னது அந்த சர்வீஸ் சென்டர்.

மூடி திறந்தது. நான் ஆர்வத்தில் எட்டிப் பார்க்கப் போக, பாய் கையை நீட்டித் தடுத்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் பெரிய கெப்பாசிட்டர்களுக்குள் கரண்ட் தேங்கி நிற்கும். சென்னைக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்வதென்றால் அது சம்ப்பு மாதிரி. லாரித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் சம்ப்பில் தேக்கிக்கொண்டால் மோட்டாருக்குச் சீராகக் கிடைக்கிறதல்லவா? லாரி போன பின்னும் சம்ப்பில் தண்ணீர் இருக்கும். தவறி விழுந்தால் ஆபத்துதான். அதிலும் வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர்கள் என்றால் 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கியிருக்கும். பாய் ஒரு ரெசிஸ்டரின் இரு முனையையும் கெப்பாசிட்டரில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தார். மீட்டரில் பார்த்தார். முள் பூஜ்யத்தில் படுத்த பிறகுதான் விரல் உள்ளே போயிற்று. வாசகர்களே, இதைப் படித்துவிட்டு வீட்டில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். தொட்டது அவர்தான், நாற்பது வருஷமாகத் தொடுகிறவர்.

மறுபடி கரண்ட் கொடுத்தார். இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். ஸ்டைல் இல்லையாம். இரண்டு கையும் உள்ளே இருந்து ஷாக் அடித்தால் கரண்ட் ஒரு கை வழியாகப் புகுந்து நெஞ்சைக் கடந்து மறு கைக்குப் போகும். ஒரு கை பாக்கெட்டில் இருந்தால் அந்த வழி அடைபடும். வலது கையில் ஐஸ்கிரீம் குச்சி. அதால் ஒவ்வொரு சாமானையும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். டொக்... ஒன்றுமில்லை. டொக்... ஒன்றுமில்லை. இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களில் இடதுபுறத்துக் குண்டனின் தலையில் டொக்... முனகல் நின்றது. இன்னொரு டொக். முனகல் வந்தது.

"மாட்டினான்" என்றார் பாய்.

போர்டைத் திருப்பி பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கெப்பாசிட்டரின் கால் போர்டில் இறங்கும் இடத்தில், ஈயத்தைச் சுற்றிலும் தலைமுடி அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல். அவ்வளவுதான். 18,500 ரூபாய் வியாதி அதுதான்.

"எப்படி பாய் விரிசல் விட்டது?"

"ஸ்பீக்கரும் சர்க்யூட்டும் ஒரே பெட்டிக்குள்ள. நீ வாசிக்கிற ஒவ்வொரு அடிக்கும் போர்டும் சேர்ந்து ஆடுது. சின்ன சாமான் தாங்கிக்கும். இது வெயிட்டு, உச்சியில ஆடும், காலு நோகும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடித்தந்தியின் 41 அதிர்வை மட்டும் எடுத்துக்கொண்டாலே, ஒரு மணி நேரம் தொடர்ந்து ஒலித்தால் சுமார் ஒன்றரை லட்சம் உதறல். இதற்கு மேல் டெம்போ வேனில் கோயில் கோயிலாகப் போகிற குலுக்கல் வேறு. தன் குரலே தன் காலை உடைக்கிற விசித்திரப் பிறவி இந்தப் பெட்டி.

"அந்தக் கம்பெனியிலே போர்டையே மாத்தணும்னாங்களே பாய்?"

"மாத்தலாம். புது போர்டும் இதே பெட்டிக்குள்ளதானே ஆடப்போவுது? ரெண்டு வருஷம் கழிச்சு அதுவும் முனகும். ஏன் போச்சுன்னு கேக்காம எதை மாத்தினாலும் திரும்ப வரும் தம்பி."

அவர் போர்டைப் பற்றித்தான் சொன்னார். மைத்துனன் என்னமோ தலையைக் குனிந்துகொண்டான். ட்ரூப் ஓனர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்தார். கெப்பாசிட்டர் இரண்டும் ஒரே வயசு, ஒன்று நொண்டியபோது மற்றதும் சிரமப்பட்டிருக்கும் என்று ஜோடியாகவே மாற்றினார். 105 டிகிரி சூடு தாங்குகிற ரகம். உள்ளே காற்றோட்டம் குறைவு என்பதால் 85 டிகிரி ரகம் வேண்டாம் என்றார். புது ஈயம் வைத்தார். கெப்பாசிட்டரின் இடுப்பை போர்டோடு சேர்த்து சிலிகான் பசை போட்டார், இனி உச்சி ஆடாதபடி. போர்டு உட்காரும் இடங்களில் ரப்பர் வாஷர் வைத்தார். வியாதிக்கு மருந்து ஈயம். காரணத்துக்கு மருந்து பசையும் ரப்பரும்.

'போட்டுப் பார்க்கலாமா?' என்று மைத்துனன் ஸ்விட்ச்சிடம் கையை நீட்டினான். "இரு!" என்றார் பாய். அலமாரியிலிருந்து, வேட்டித் துணியில் சுற்றி, ஏதோ நகை மாதிரி ஒன்றை எடுத்தார். பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பு!

பெட்டிக்குப் போகிற கரண்ட்டை இந்த பல்பு வழியாக அனுப்பினார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும். அடியைத் தான் வாங்கிக்கொண்டு புது சாமான்களைக் காப்பாற்றும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கணம் மின்னிவிட்டு மங்கிவிடும். இதற்கு எல்.ஈ.டி. பல்பு உதவாது. உள்ளே கம்பி சிவக்கிற பழைய பல்புதான் வேண்டும். அது இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. அதனால்தான் வேட்டித் துணி.

ஸ்விட்ச்சைப் போட்டார். பல்பு மின்னியது. மங்கியது. பாய் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு நேர் கரண்ட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டார். முனகல் இல்லை, கொர்ர்ர் இல்லை. மைத்துனன் இ தந்தியை ஒரு அடி அடித்தான். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த பூனை அப்படியே திரும்பிப் போய்விட்டது.

பில்: கெப்பாசிட்டர் இரண்டு 240, கூலி 500. ஆக மொத்தம் 740.

பணத்தை வாங்கிக்கொண்டவர் பெட்டியைத் தரவில்லை! பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"இந்தப் பெரிய குச்சியை யார் உடைச்சது?"

மூன்று குச்சி பிளக்கில் தடியான எர்த் குச்சி இல்லை. போன வருஷம் ஒரு மண்டபத்தில் முனகல் வந்ததாம். 'எர்த்தைப் பிடுங்கினால் நின்னுடும்' என்று எவரோ சொல்ல, பிடுங்கினார்களாம். நின்றுவிட்டதாம்.

அதுவரை செல்லமாகத் திட்டிய பாய் இப்போது நிஜமாகவே திட்டினார். கிடாரின் தந்தி, ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்போடு சேர்ந்தது. உள்ளே எதாவது கசிந்து அந்த உடம்பில் கரண்ட் ஏறினால், எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய் ஃப்யூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால்? விரல் தந்தியில், உதடு மைக்கில். நடுவே இருக்கிற மனுஷன்தான் ஒயர். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1972ல் பிரிட்டனில் ஸ்வான்ஸீ என்ற ஊர் மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண்ணெதிரே உயிரை விட்டார்.

"முனகினா எங்கிட்டே கொண்டா. எர்த்தைப் பிடுங்காதே. முனகல் போறதுக்கு நூறு வழி இருக்கு. உயிர் வர்றதுக்கு ஒரு வழியும் இல்லை."

புது பிளக் மாட்டி, மீட்டர் வைத்து எர்த் சரிபார்த்த பிறகுதான் பெட்டி ஆட்டோவில் ஏறியது. பிளக்குக்குக் காசு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி மூன்றரை மணி நேரம் நடந்தது. பெட்டி வாயைத் திறந்து முனகவே இல்லை. ட்ரூப் ஓனர் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. கடைசியில் டைரியைப் பிரித்து, "புதன், வெள்ளி, சனி... ஃப்ரீயா இருக்கியாப்பா?" என்று கேட்டார். அந்த வட்டாரத்தில் பத்மஸ்ரீ என்பது அதுதான். கீபோர்டு இளைஞன்தான் ஓடிவந்து கட்டிக்கொண்டான்: "அண்ணே, என் இடது கையைக் காப்பாத்தினீங்க!"

இதெல்லாம் நடந்து முடிந்ததில் எங்கள் வீட்டில்தான் ஒரு பக்கவிளைவு. மைத்துனன் வரும்போதெல்லாம் கிடாரோடு சமையலறையில் புகுந்துவிடுகிறான். ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்து, "அக்கா, இது ஜி" என்கிறான். வாசலில் இருக்கிற ட்யூப் லைட்டின் பட்டியும் ஜியாம். என் மனைவிக்கும் இது தொற்றிக்கொண்டது. நேற்றுக் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர், பையன் ஃபீஸ், அவள் சித்தி பெண் வளைகாப்பு என்று வரிசையாக ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். வழக்கம்போல எல்லாவற்றுக்கும் "ம்ம்ம்..." என்றேன்.

சட்டென்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், இந்த முனகல் எந்தத் தந்தின்னு பார்த்துச் சொல்லு. தலையிலே ஒரு தட்டுத் தட்டினா சரியாகுமான்னு பார்க்கணும்!"